சராசரிக் குடும்பத்தலைவன்

எதற்கும் ஒரு சராசரி எடுத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், கரண்ட் யூனிட் எல்லாவற்றுக்கும் என்னிடம் மாதச் சராசரி உண்டு. கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று விளக்கி, பக்கத்து இலைக்காரரைப் பாயசம் வருவதற்குள் எழுந்து போக வைத்திருக்கிறேன். 'மனுஷன் கணக்குல புலி' என்று சொந்தக்காரர்கள் புகழும்போதெல்லாம் என் மனைவிக்கு மட்டும் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மகள் பி.எஸ்ஸி. புள்ளியியலில் சேர்ந்தாள். சேர்த்து விட்டவனும் நான்தான். எனக்குத் துணையாக இன்னொரு புலி வளரட்டும் என்ற நப்பாசை. முதல் செமஸ்டர் பாதி முடிவதற்குள், நான் எந்த எண்ணைச் சொன்னாலும், "அப்பா, இது எந்த அளவை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். எண்ணைக் கண்டவுடன் கூட்டவோ வகுக்கவோ பாயக்கூடாதாம். அது எங்கே பிறந்தது, யார் வைத்தது, எதற்காக வைத்தது என்று விசாரித்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனார்கூட என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம் என்று மாமியார் இப்போதும் சொல்வதுண்டு.

இந்த விசாரணையை முறைப்படுத்தி வைத்தவர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர். சத்தம் எத்தனை டெசிபல் என்று கருவி சொல்லிவிடும். ஆனால் கேட்பவனுக்கு அது எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை எப்படி அளப்பது? அதற்கு 'சோன்' என்று ஓர் அளவை வகுத்தவர் அவர். மிக்ஸி ஓடும்போது பேப்பர் படிக்க முயன்ற எவனுக்கும் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். புலன் உணர்வையெல்லாம் எண்ணால் அளக்க முடியுமா, முடியாதா என்று ஆராய, பிரிட்டனின் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1932ல் ஒரு குழு போட்டது. இயற்பியல்காரர்களும் உளவியல்காரர்களுமாக 19 பேர். கடைசி அறிக்கை 1940ல் வந்தது. நாம் ஒத்துப்போக முடியாது என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒத்துப்போயிருந்தார்கள். எங்கள் ஃபிளாட் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு என்ன கலர் என்று கூட்டம் போட்டு இன்னும் முடிவாகாத நிலையில், அந்த 19 பேர் மீதும் எனக்குப் பெரிய மரியாதை.

ஸ்டீவன்ஸ் 1946 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அளக்க முடியுமா என்ற சண்டையை விடுங்கள். எண்ணை எந்த விதிப்படி ஒட்டினீர்கள் என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும் என்பது சாரம். அதன்படி நாலு படிகள்: பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. முதல் படியில் நின்றுகொண்டு 'இதுவும் அதுவும் ஒன்றா, வேறா' என்று மட்டும் கேட்கலாம். இரண்டாவதில் 'எது மேல்' என்று கேட்கலாம். மூன்றாவதில் 'எவ்வளவு வித்தியாசம்'. நாலாவது படிக்குப் போனால்தான் 'எத்தனை மடங்கு' என்று கேட்க உரிமை. நான் தெருவிலிருந்தே 'எத்தனை மடங்கு' என்று கத்திக்கொண்டு வருகிறவன்.

தெரு என்றதும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது சென்னையில், மேற்கு மாம்பலத்தில். வாசல் கேட்டில் இரண்டு எண்கள்: புதிய எண் 14, பழைய எண் 32. கூரியர் பையன் தெருமுனையில் நின்று, "ஓல்டா, நியூவா சார்?" என்று போனில் கேட்பான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 23 வரும். இருபத்து மூன்றாம் எண் வீட்டில் நாய் இருக்கிறது. "வகுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலப்பா. வகுத்தா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு வகுக்கணும்," என்றாள் மகள். சரி, கதவு எண் வெறும் பெயர்தானே, பெயரளவைதானே என்று கேட்டால், அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே தெருவில், ஒரே வகை எண்ணில், 14க்குப் பிறகு 16 வரும் என்ற வரிசை இருக்கிறதாம். அதனால் பாதி பெயர், பாதி வரிசையாம். பழசும் புதுசும் கலந்த எங்கள் தெருவில் அந்த வரிசையையும் மாநகராட்சியோ கடவுளோதான் அறிவார்.

பின்கோடு சந்தேகமில்லாத கேஸ். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று அஞ்சல்காரர் புரிந்துகொள்வார்; அதோடு சரி. எங்கள் பேட்டை 600033. ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் தி.நகர், 600017. பதினாறு எண் வித்தியாசம், படிக்கட்டு ஏறி இறங்கும் தூரம். அந்த தி.நகருக்கும் பரங்கிமலைக்கும் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், பரங்கிமலை 600016. நடந்து போய்ப் பாருங்கள் தெரியும். பஸ் நம்பரும் இதே ஜாதி. 29சியில் ஏறினால் பெசன்ட் நகர் வரும். 29ஐ சியால் பெருக்கினால் ஒன்றும் வராது.

இந்தப் படியில் அனுமதிக்கப்பட்ட ஒரே 'சராசரி' முகடு, அதாவது எது அதிகத் தடவை வருகிறதோ அது. எங்கள் வீட்டுக் குழம்புகளில் முகடு சாம்பார். இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டாம். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவே கூட்டுச்சராசரி என்று ஒன்று இல்லை என்கிறாள் மகள். இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் மிச்சத்தையெல்லாம் ஒரே சட்டியில் சுட வைத்தபோது சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தார். ஃபிரெடரிக் லார்டு என்ற அமெரிக்கப் புள்ளியியல்காரர், 1953ல் ஸ்டீவன்ஸ் கட்சியைக் கிண்டல் பண்ணி ஒரு கதை எழுதினார். அதில் ஒரு பேராசிரியர். பரீட்சை மதிப்பெண் வெறும் வரிசை அளவைதான், அதைச் சராசரி எடுப்பது பாவம் என்று நம்புகிறவர். ஆனால் ஆசை விடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் சராசரி எடுத்து, அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே வேலையை விடுகிறார். பிறகு ஃபுட்பால் சட்டைகளில் தைக்கிற எண்களை விற்கும் வேலை அவருக்குக் கிடைக்கிறது. முதலாண்டுப் பையன்கள், தங்களுக்குச் சின்னச் சின்ன எண்ணாகவே கிடைக்கிறது, சீனியர்கள் சிரிக்கிறார்கள் என்று புகார் செய்கிறார்கள். வெறும் அடையாள எண்ணில் பெரிசு சின்னது எங்கே வந்தது என்று பேராசிரியர் தவிக்க, ஒரு புள்ளியியல்காரர் வந்து கூச்சமில்லாமல் அந்த எண்களைக் கூட்டி, வகுத்து, புகார் நியாயமானது என்று நிரூபித்துவிடுகிறார். தாம் எங்கிருந்து வந்தோம் என்பது எண்களுக்கே ஞாபகம் இருப்பதில்லை என்பது அவர் கட்சி. கதவைச் சாத்திக்கொண்டு சராசரி எடுத்த அந்த மனிதரை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. மகள் கலங்கவில்லை. "எண்ணுக்கு ஞாபகம் இல்லாட்டி போகட்டும். எடுக்கற ஆளுக்கு இருக்கணும்ல?" என்றாள்.

வரிசை அளவைக்கு வருகிறேன். என் மானம் பெரும்பாலும் போனது இந்தப் படியில்தான்.

பிரிட்டனில் அந்த 19 பேர் குழு போட்ட அதே 1932ல், ரென்சிஸ் லைகர்ட் என்பவர் மனிதர்களின் கருத்தை ஐந்து படிகளில் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, சிறிதும் உடன்படவில்லை என்பது வரை. இன்றைக்கு டாக்ஸியை விட்டு இறங்கினால் ஐந்து நட்சத்திரம், தோசை பார்சல் வந்தால் ஐந்து நட்சத்திரம் என்று நம் உயிரை எடுப்பதெல்லாம் அந்த வம்சம்தான். நான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை டிபன் எது என்று வாராவாரம் நடக்கும் சண்டையை அறிவியல்பூர்வமாகத் தீர்ப்பது நோக்கம். ஒவ்வொரு டிபனுக்கும் ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க். மனைவி ஓட்டுப் போட மறுத்துவிட்டாள். "பண்றவ நான். எனக்கு எதுக்கு மார்க்கு? என்னவோ பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

பொங்கலுக்கு நான், மாமியார், மகள், மகன் நாலு பேரும் 3 போட்டோம். சராசரி 3. உப்புமாவுக்கு நான் 5, மாமியார் 5. மகள் 1. மகன் 1 போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டிருந்தான். கூட்டினால் 12, நாலால் வகுத்தால் 3. ஆக பொங்கலும் உப்புமாவும் இந்தக் குடும்பத்தின் பார்வையில் சமம் என்று ஹாலில் நின்று அறிவித்தேன்.

"அப்ப சரி. உப்புமா சுலபம்," என்று மனைவி வாணலியை எடுத்தாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு நண்பன் வீட்டுக்குக் கிளம்பினான்.

மகள் பொறுமையாக விளக்கினாள். உப்புமாவுக்கு 3 என்று யாராவது சொன்னார்களா? ஒருவரும் இல்லை. இருவருக்கு உயிர், இருவருக்கு விஷம். சராசரிக்கு மட்டும் 'சுமார்'. போகட்டும், இன்னொன்று. 1க்கும் 2க்கும் உள்ள தூரமும் 4க்கும் 5க்கும் உள்ள தூரமும் ஒன்றுதான் என்று யார் சொன்னது? தம்பியைக் கேளுங்கள்: 1 என்றால் எழுந்து போய்விடுவான், 2 என்றால் பசித்தால் சாப்பிடுவான். 4க்கும் 5க்கும் நடுவே தேங்காய்ச் சட்னி கெட்டியா தண்ணியா என்ற வித்தியாசம்தான் இருக்கும். படிக்கட்டில் எண் எழுதியிருக்கிறது, படிகளின் உயரம் எழுதவில்லை. இதற்குக் கனிமவியலில் பிரபலமான உதாரணம் உண்டு. ஃபிரெடரிக் மோஸ் என்பவர் 1812ல் கற்களின் கடினத்துக்கு வைத்த வரிசை. எது எதைக் கீறும் என்பது மட்டும்தான் விதி. டால்க் கல் 1, குருந்தம் 9, வைரம் 10. கருவி வைத்து அளந்து பார்த்தால், 1லிருந்து 9 வரை ஏறுகிற தூரத்தைவிட 9லிருந்து 10க்குத் தாவும் தூரம் அதிகம். வைரத்தைப் பற்றி என் மனைவியின் செவியில் விழும்படி பேசியது மகள் செய்த பிழை, அது தனிக்கதை.

அப்படியென்றால் உப்புமாவா பொங்கலா என்று எப்படித்தான் முடிவெடுப்பது? சமையலறையிலிருந்து பதில் வந்தது. "சாப்ட்டு முடிச்சதும் பாத்திரத்த எட்டிப் பாருங்க. எவ்ளோ மிச்சம்னு தெரியும். நான் அப்படித்தான் இத்தன வருஷமா பாக்கறேன்."

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பாத்திரத்தில் மிச்சம் என்பது எடை. எடைக்கு உண்மையான பூஜ்யம் உண்டு. காலிப் பாத்திரம் என்றால் காலிதான். பாதிப் பாத்திரம் கால் பாத்திரத்தைவிட இரு மடங்கு. ஐந்து படி மார்க்கெல்லாம் வேண்டாம், நேராக நாலாவது அளவை. நான் படிவம் அச்சடித்துக் கேட்டதை இவள் கரண்டியால் சுரண்டித் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோதும் இந்தப் படிக்கட்டுதான் காலை வாரிவிட்டது. கதவில் ஒட்டியிருக்கிற நட்சத்திர முத்திரை 2006ல் வந்த ஏற்பாடு. கூடுதல் நட்சத்திரம் என்றால் குறைவான மின்சாரம். ஐந்து நட்சத்திரம் வாங்கினால் ஒற்றை நட்சத்திரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கரண்ட் பில் வரும் என்று நான் கடையிலேயே நின்று கால்குலேட்டர் தட்டினேன். விற்பனைப் பையனே பயந்துபோய், "அப்டிலாம் இல்ல சார்," என்றான். அவன் நேர்மையானவன். நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எண் போட்டிருக்கிறது, அதைப் பாருங்கள் என்று காட்டினான். வகுக்கத் தகுந்த எண் அதுதான். போதாக்குறைக்கு, சில வருஷத்துக்கு ஒரு தடவை விதியை இறுக்கிவிடுவார்களாம். அன்றைய ஐந்து இன்றைய மூன்றாகிவிடும். என் உத்தியோகத்திலும் அப்படித்தான் நடந்தது.

மூன்றாவது, இடைவெளி அளவை. இதை மே மாதத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கரண்ட் போன ஒரு மதியம், "ஊட்டியில 20 டிகிரி, இங்க 40. நாம ரெண்டு மடங்கு வெயில்ல கெடக்கறோம்," என்று பெருமூச்சு விட்டேன். மகளுக்குப் பொறுக்கவில்லை. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம்; வெப்பமே இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பூஜ்யம் மனிதர்கள் பார்த்து வைத்தது. ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742ல் வைத்தபோது தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்று தலைகீழாகத்தான் வைத்திருந்தார். பிறகு திருப்பிப் போட்டார்கள். திருப்பாமல் விட்டிருந்தால் ஊட்டி 80, சென்னை 60. நாம் குளுகுளுவென்று இருந்திருப்போம். இதே இரண்டு ஊரையும் ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 68, 104. ஒன்றரை மடங்கு. பூஜ்யம் உண்மையான பூஜ்யமாக இருக்கிற கெல்வினில் எழுதினால் 293, 313. வித்தியாசம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

"ஏழு பர்சென்ட்டுக்கா இப்படி ஊத்துது?" என்று கேட்டு, என் கணக்கு நோட்டையே விசிறியாக்கி வீசிக்கொண்டாள் மனைவி. அந்த நோட்டு அன்றைக்குத்தான் முதல்முறை குடும்பத்துக்கு உபயோகப்பட்டது.

வருஷக் கணக்கும் இதே சங்கதி. கி.பி.யோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. எதை வைத்துக் கழித்தாலும் மகளின் வயசு ஒன்றுதான் வரும், ஏனென்றால் வயசு ஒரு வித்தியாசம். ஆனால் கி.பி. 2000, 1000த்தின் இரு மடங்கு என்று சொன்னால், அந்தப் பக்கம் 2031, 1031ன் இரு மடங்காக இருப்பதில்லை. செருப்புக் கடை இன்னும் விசேஷம். பிரிட்டிஷ் காலணி எண்ணில் ஒரு படி என்பது ஒரு பார்லி மணி நீளம், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. என் கால் 8, மனைவி கால் 4. நான் இதுநாள்வரை என் பாதம் அவள் பாதத்தைப் போல இரண்டு மடங்கு என்று நினைத்துக் கர்வப்பட்டிருந்தேன். வித்தியாசம் ஒன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு 13 வரை எண் போய், அதற்கு மேல் மறுபடி 1 என்று ஆரம்பிக்கும். மகன் 13லிருந்து 1க்குப் போன வருஷம், பையன் கால் சுருங்குகிறதே என்று கடைக்காரரிடம் விசாரித்த தகப்பன் நான்.

கடிகாரம் இந்த நாலு படியிலும் சேராது. என் தூக்க நேரத்துக்குச் சராசரி எடுத்தபோது தெரிந்தது. ஒரு ராத்திரி 11.30க்குப் படுத்தேன், மறு ராத்திரி 12.30 ஆகிவிட்டது. ரயில்வே நேரத்தில் எழுதினால் 23.30, 0.30. கூட்டினால் 24, பாதி 12. ஆக நான் சராசரியாக நண்பகல் 12 மணிக்குத் தூங்கப் போகிறேன்.

"சரியாத்தானே வந்திருக்கு," என்றாள் மனைவி.

சுற்றி வருகிற எண்ணுக்கு வேறு கணக்காம். மணியை வட்டத்தில் புள்ளியாக வைத்து, புள்ளிகள் எந்தத் திசைக்கு இழுக்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தால் நள்ளிரவு வருகிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபதும் முடிந்து மறுபடி பிரபவ வருகிறதே, அந்தப் பட்டியலும் இந்த வகை. மாமியாருக்கு இது உடனே புரிந்தது. எனக்குத்தான் அறுபதாம் கல்யாணத்துக்குள் புரிந்தால் சரி.

அளவைகள் போக, மாறிகளிலும் வகை உண்டாம். எண்ணி வைக்கிற இட்லி தனித்த மாறி, அளந்து ஊற்றுகிற சட்னி தொடர் மாறி. இதற்கு மேல் அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; 'ஆளுக்குச் சராசரி 4.6 இட்லி' என்று நான் சொன்னபோது அந்தப் புள்ளி ஆறு யாருடையது என்று எல்லோரும் மகனைப் பார்த்தார்கள்.

சார்ந்த மாறி, சாரா மாறி என்று இன்னொரு ஜோடி உண்டு. எது எதனால் மாறுகிறது என்ற விவகாரம். நான் வீட்டுக்கு லேட்டாக வரும் நாட்களில் சாம்பாரில் உப்புக் கூடுகிறது என்று வெகுநாளாகக் கவனித்து வந்தேன். என் தாமதம் சாரா மாறி, உப்பு சார்ந்த மாறி. வழியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கை தவறுகிறது என்று எண்ணி நெகிழ்ந்துபோய், உப்புச் சாம்பாரை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். மகள் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கு மழையா அப்பா?" மழைதான். மழை பெய்தால் எனக்கும் லேட், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் லேட். மனைவி பாத்திரம் தேய்க்கப் போக, சாம்பார் மாமியார் கைக்கு மாறுகிறது. ஏற்கெனவே உப்புப் போட்டாயிற்று என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. இடையில் புகுந்த மழைதான் இரண்டையும் ஆட்டியிருக்கிறது. எனக்கும் உப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விகித அளவையில் இந்த வீட்டின் பல்கலைக்கழகம் இட்லி மாவு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து. இதைத் துல்லியமாக்க நான் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வந்தேன். அது இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. பெட்டிமேல் பூண்டு காய்கிறது. மனைவி அளப்பது விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளரில். அதன் கொள்ளளவு எத்தனை மில்லி என்று யாருக்கும் தெரியாது. ஒருதரம் டம்ளரை யாரோ மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்விட, ஊறுகாய் பாட்டில் மூடியில் அளந்தாள். "என்ன டம்ளரா இருந்தா என்னங்க, நாலுக்கு ஒண்ணுதானே," என்றாள். மகள் என்னிடம் பக்கம் பக்கமாகச் சொன்னதன் சுருக்கம் இது: விகித அளவையில் அலகை மாற்றலாம், எதால் வேண்டுமானாலும் பெருக்கலாம், விகிதம் அசையாது; பூஜ்யத்தை மட்டும் நகர்த்தக்கூடாது. அரிசியே போடாமல் இட்லி வராது என்பது பூஜ்யம்.

தங்கம் வந்தால் இந்தப் பாடம் கசக்கும். சவரன் 8 கிராம். 22 காரட் என்றால் 24ல் 22 பங்கு, அதைத்தான் 916 என்று முத்திரை குத்துகிறார்கள். எல்லாம் சுத்தமான விகிதம். இங்கே எத்தனை மடங்கு என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டாள். "எங்க அண்ணன் நம்ம பொண்ணுக்குச் சீர்ல போட்டது ரெண்டு சவரன். நீங்க கல்யாண நாளுக்கு எனக்கு வாங்கினது ரெண்டு கிராம். எத்தனை மடங்குன்னு உங்க நோட்டுல போடுங்க." எட்டு மடங்கு. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால், "எப்படிப் பார்த்தாலும் ரெண்டும் தங்கம்தானே?" என்றேன். விகிதத்திலிருந்து நேராகப் பெயரளவைக்கு ஒரே குதி. இது செல்லும் என்று மகளே ஒப்புக்கொண்டாள்: மேல்படியிலிருந்து கீழே இறங்க எப்போதும் அனுமதி உண்டாம், தகவல் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். கீழிருந்து மேலே ஏறத்தான் கூடாதாம். அன்று முதல் வீட்டில் சங்கடமான எண் எது வந்தாலும் நான் இறங்கிவிடுகிறேன். மகனின் கணக்கு மார்க் 36 வந்தபோது, 'பாஸா ஃபெயிலா' என்று மட்டும் கேட்டேன்.

சென்ற மாதம் அரிசி மூட்டையைத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. மனைவியோடு டாக்டரிடம் போனேன். டோக்கன் 17. காத்திருக்கும் நேரத்தில் அந்த 17ஐப் பற்றி யோசித்தேன். நர்ஸ் கூப்பிடும்போது அது என் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், 'பதினாறு போயிடுச்சா?' என்று கேட்டபோது வரிசை. இதுவரை எத்தனை பேர் டோக்கன் வாங்கியிருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டபோது அதே எண் விகிதம். ஒரே துண்டுச் சீட்டு. நாம் கேட்கிற கேள்வியைப் பொறுத்துப் படி மாறுகிறது. ஸ்டீவன்ஸை மடக்கிவிட்டோம் என்று புல்லரித்து மகளுக்குச் செய்தி அனுப்பினேன். 'இத போன வாரமே கிளாஸ்ல சொல்லிட்டாங்கப்பா' என்று பதில் வந்தது.

டாக்டர் கேட்டார்: "வலியே இல்லன்னா 0, தாங்கவே முடியலன்னா 10. இப்ப எத்தனை சார்?"

இது வரிசை அளவை. என் நாலும் இன்னொருவரின் நாலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாங்கவே முடியாத வலி என்று எதை வைத்துக்கொள்வது என்பதே முதலில் தெளிவாக வேண்டும். இதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"நாலு போட்டுக்குங்க டாக்டர்," என்றாள் மனைவி. "வெளியில உக்காந்து டீ கேட்டாரு. பக்கோடா இருக்கான்னும் கேட்டாரு."

டாக்டர் நாலு போட்டுக்கொண்டார். மாத்திரை சாப்பிட்டு, மறுபடி போனோம். இந்தத் தடவை நானே 2 என்றேன். அவர் பழைய சீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "போன தடவ நாலு, இப்ப ரெண்டு. வெரி குட், வலி கரெக்டா பாதியா கொறஞ்சிருக்கு!"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள்.

"ஆமா டாக்டர். கரெக்டா பாதி," என்றேன்.

வெளியே ஃபீஸ் கட்டும் இடத்தில் முதல் தடவை வாங்கிய அதே தொகையைக் கேட்டார்கள். வலி பாதியாகிவிட்டதாக டாக்டரே சொல்லிவிட்ட பிறகு, உண்மையான பூஜ்யமுள்ள ஓர் எண்ணில் அந்தப் பாதியைப் பிரதிபலிக்கலாமே என்று கேட்க நினைத்தேன். மனைவி அதற்குள் பணத்தை எண்ணி வைத்துவிட்டாள்.

ஆட்டோவுக்கு நிற்கும்போது, "ரொம்ப மிதிச்சுட்டேனா?" என்று கேட்டாள்.

"முதுகைவிட அதிகம்," என்றேன். எத்தனை மடங்கு என்று சொல்லவில்லை.